'பார்மசி டெக்னீஷியன்' கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், எங்கள் பக்கம் மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், தொண்டி என்று பஸ் நிற்கிற இடமெல்லாம் ஃபிளெக்ஸ் முளைத்துவிடும். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்பிள்ளைகள், பின்னால் மருந்து அலமாரி, மேலே 'ஒரே வருடத்தில் மருத்துவத் துறையில் வேலை'. அப்படி ஒன்றை நம்பி 2022-இல் 54,000 ரூபாய் கட்டியவள் நான். கேஸ் கொடுத்திருப்பதால் இன்ஸ்டிட்யூட்டின் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் உங்களுக்குப் பெரிய உபயோகம் இருக்காது, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு ஊர் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். படகு அடுத்தவருடையது, மீன் பட்டால் பங்கு, படாவிட்டால் கடன். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து, வீட்டில் அடகு வைக்க இருந்ததெல்லாம் அடகுக்குப் போயிருந்த நேரத்தில்தான் என் ரிசல்ட் வந்தது. பயாலஜி குரூப், 418 மார்க். நர்சிங்குக்கு ஆசைப்பட்டேன், ஃபீஸைக் கேட்டதும் ஆசை அடங்கிவிட்டது. அப்போதுதான் அம்மாவின் மகளிர் குழுவில் இருக்கும் ஒரு அக்கா வீட்டுக்கு வந்தார். "புள்ளைய எதுக்கு சும்மா வச்சிருக்கீக? ஒரு வருசம் படிச்சா சொந்தமா மெடிக்கல் வைக்கலாம். இல்லையா, துபாய்க்கு அனுப்புங்க" என்றார். ஆள் சேர்த்துவிட்டால் தலைக்கு 3,000 ரூபாய் அவருக்குக் கமிஷன் என்பது பிறகு தெரிந்தது. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவருடைய அக்கா மகளும் என் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ராமநாதபுரத்தில் மாடியில் ஓர் ஆபீஸ். சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள். ஒன்று ஐ.எஸ்.ஓ., ஒன்று டிரஸ்ட் பதிவு, நடுவில் சிங்க முத்திரையோடு பெரிதாக ஒன்று. அந்த முத்திரையைப் பார்த்ததும் அப்பா நாற்காலியில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அது சிறுதொழில்களுக்குக் கொடுக்கும் உத்யம் பதிவுச் சான்று. டீக்கடை வைத்திருப்பவர்கூட ஆன்லைனில் காசு கட்டாமல் எடுக்கலாம். படிப்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது அன்றைக்கு எங்களுக்கு யார் சொல்வது?

ஒரு கேள்வி மட்டும் நான் சரியாகக் கேட்டேன். எங்கள் பயாலஜி டீச்சர் சொல்லிக் கொடுத்து அனுப்பிய கேள்வி அது. "சார், இதுக்கு பி.சி.ஐ. அப்ரூவல் இருக்கா?" பி.சி.ஐ. என்பது பார்மசி கல்லூரிகளுக்கு அனுமதி தரும் இந்திய பார்மசி கவுன்சில். ஆபீஸில் இருந்த சார் கொஞ்சமும் தயங்கவில்லை. "அது டி.பார்ம், பி.பார்முக்குத்தாம்மா. இது டெக்னீஷியன் கோர்ஸ். இதுக்கு அந்த அப்ரூவலே தேவையில்லை."

அந்தப் பதிலில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நிஜமாகவே தேவையில்லைதான். மருந்துக் கடையில் பொறுப்பாக நிற்கும் உரிமையை அந்தப் படிப்பு தராது, தராத படிப்புக்கு எதற்கு அப்ரூவல்? 1948-ஆம் வருடத்து பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவு, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் வேலையைப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே விட்டிருக்கிறது. பதிவு செய்வது மாநில பார்மசி கவுன்சில். அந்தப் பதிவுக்குக் குறைந்தபட்சப் படிப்பு, பி.சி.ஐ. அனுமதித்த கல்லூரியில் டி.பார்ம், அதாவது பார்மசி டிப்ளமோ. இரண்டு வருடப் பாடம், அதன் மேல் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி. 'டெக்னீஷியன்' என்று ஒரு பதிவு அங்கே கிடையாது. இந்த ஒரு பத்தியை அன்று யாராவது சொல்லியிருந்தால் அப்பாவுடைய காசு பிழைத்திருக்கும்.

சரி, வகுப்பாவது நடந்ததா என்றால் நடந்தது. கட்டிடமே இல்லாமல், ஆசிரியரே இல்லாமல் ஏமாற்றியிருந்தால் ஒரே மாதத்தில் முழித்திருப்போம். இங்கே ஒரு மேடம் உண்மையாகவே நன்றாகச் சொல்லிக் கொடுத்தார். டாக்டர் கிறுக்கலில் பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, இன்சுலினை எங்கே வைக்க வேண்டும், எக்ஸ்பயரி நெருங்கும் டப்பாவை ஏன் முன்னால் அடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவரிடம் கற்றதுதான். பாம்பனில் ரயில் ஏறிப் போய்வந்துகொண்டிருந்தேன். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியதும் தினமும் பஸ்தான். போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல். கோட்டுக்குத் தனியாக 900 ரூபாய். கோட்டு வந்த அன்று எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள்.

சார் மட்டும் அடிக்கடி புரொஜெக்டரில் அமெரிக்க வீடியோக்களைப் போடுவார். அங்கே பார்மசி டெக்னீஷியன் என்பது நிஜமான வேலை. மாத்திரை எண்ணி, லேபிள் ஒட்டி, மருந்தாளுநரிடம் சரிபார்க்கக் கொடுப்பார்கள். பி.டி.சி.பி. என்ற அமைப்பு 90 கேள்விகளோடு ஒரு தேர்வு நடத்தி சர்டிபிகேட் தருகிறது. அங்கேயும் மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் வேலை. எங்களுக்கு அந்தத் தேர்வும் இல்லை, அந்த ஊரும் இல்லை, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். துபாய் கதையும் அப்படித்தான். கீழக்கரையிலிருந்து எத்தனையோ பேர் அங்கே இருப்பதால் அந்தப் பெயரைச் சொன்னாலே இங்கே வேலை நடக்கும். அங்கே சுகாதார ஆணையத்தின் லைசென்ஸ் வேண்டும், அதற்கு முன் டேட்டாஃப்ளோ என்று ஒரு சரிபார்ப்பு உண்டு, சான்றிதழ் கொடுத்த இடத்திலேயே நேராகக் கேட்டுவிடுவார்கள். துபாயில் கிளினிக்கில் வேலை பார்க்கும் என் மாமா மகன் போனிலேயே சிரித்துவிட்டான். "இத இங்க கொண்டுவந்தா டேட்டாஃப்ளோ காசும் சேர்ந்து போயிரும்."

2023-இல் பயிற்சி என்ற பெயரில் மூன்று மாதம் ஒரு மெடிக்கலில் சம்பளமில்லாமல் நின்றேன். பிறகு அதே கடையில் மாதம் 6,500. கடைக்கார அண்ணன் நல்ல மனிதர்தான். சுவரில் லைசென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் மருந்தாளுநர் சான்றிதழ் தொங்கும். நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தப் பெண்ணை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சான்றிதழுக்கு மாத வாடகை போய்க்கொண்டிருந்தது, வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். கடலுக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வந்து, "தங்கச்சி, மேல் வலிக்கு நாலு மாத்திரை குடு" என்பார்கள். கொடுத்திருக்கிறேன். செஃபிக்ஸிம், டிரமடால், அல்பிரசோலம் எல்லாம் ஹெச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் வரும் மருந்துகள், டாக்டர் பெயர், நோயாளி பெயரெல்லாம் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. அந்த மேடமும் அதைச் சொல்லித் தரவில்லை.

ஒரு நாள் மருந்து ஆய்வாளர் வந்தார். "பார்மசிஸ்ட் யாரும்மா?" என்றார். அண்ணன் முந்திக்கொண்டு, "இப்பத்தான் சார் சாப்பிடப் போனாங்க" என்றார். மணி பதினொன்று. ஆய்வாளர் என்னிடம் திரும்பி, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டதும் பெருமையாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அந்தப் படிப்பை வச்சு நீ இதைக் கையிலெடுத்துக் கொடுக்கக்கூடாதும்மா" என்றார். அவர் போன பிறகு அட்டைப் பெட்டி அடுக்கும் சாக்கில் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். தப்பான மருந்தை யாருக்காவது கொடுத்திருப்பேனோ என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க முகம் முகமாக நினைவு வந்தது.

அப்படியும் முழுசாக நம்பவில்லை என்பதுதான் வெட்கம். 2024 நவம்பரில் முதல்வர் மருந்தகத்துக்கு விண்ணப்பம் வாங்கினார்கள். 110 சதுர அடி இடம் இருந்தால் போதும், 3 லட்சம் மானியம் என்றார்கள். சித்தப்பா வீட்டு முன்னறையை அளந்துகூடப் பார்த்துவிட்டோம். விண்ணப்பத்தில் டி.பார்ம் அல்லது பி.பார்ம் சான்றிதழைக் கேட்டது, என் சான்றிதழை ஏற்ற இடமே அதில் இல்லை. இ-சேவை மையத்துத் தம்பி மூன்று முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, இது வேற எதுலயாவது ஏறுமான்னு பாருங்க" என்றான்.

மறுநாள் அப்பாவோடு அந்த மாடிக்குப் போனேன். சண்டைக்கு வருவோம் என்று எதிர்பார்த்த மாதிரியே டீ வாங்கி வைத்திருந்தார் சார். "அதுக்கும் வழி இருக்கு. வடக்க ஒரு காலேஜ்ல உங்க பேரைப் போட்டுருவோம், போகவே வேண்டாம். பரீட்சைக்கு மட்டும் போனா போதும். ஒரு லட்சத்து இருபதாயிரம்." முதல் ஏமாற்று இந்த இரண்டாவதற்கான வாசல்படி என்று அப்போதுதான் புரிந்தது. கல்லூரிக்கே போகாமல் டி.பார்ம் என்பது முழு மோசடி. இதோடு, டி.பார்ம் முடித்தவர்கள் பதிவுக்கு முன் எக்ஸிட் எக்ஸாம் எழுத வேண்டும் என்று 2022-இல் விதி கொண்டுவந்து, 2024 அக்டோபரில் முதல் தேர்வும் நடத்தியிருந்தார்கள். மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம். அதைப் பற்றி சார் மூச்சுவிடவில்லை. அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது, ஆனால் டீயைத் தொடாமல் எழுந்துவிட்டார். படியிறங்கும்போது, "வலையில மாட்டுன மீனையே திரும்பவும் வலை போட்டுப் பிடிக்கிறான்" என்றார்.

என்னோடு படித்தவர்களில் இரண்டு பேர் அந்தப் பணத்தையும் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் பேசினால் தங்கள் சான்றிதழும் போய்விடும் என்று வாயைத் திறப்பதில்லை.

சேரும்போது 'வெரிஃபிகேஷன்' என்று என் பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளை வாங்கி வைத்திருந்தார்கள். பாக்கி 6,000 கட்டினால்தான் தருவோம் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்த மூன்றாம் நாள் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்கள். எந்த இடமாக இருந்தாலும் ஒரிஜினலைக் காட்டிவிட்டு ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள். ரசீதையும் பத்திரமாக வையுங்கள். என்னிடம் மூன்று ரசீதில் இரண்டுதான் இருக்கிறது, கேஸில் அது உறுத்துகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்குமான புகாருக்குக் கட்டணம் இல்லை, விஷயம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் தெரிந்துகொண்டதே 2024 கடைசியில் என்பதால் அந்தத் தேதியிலிருந்து கணக்கு வைத்து வக்கீல் போட்டிருக்கிறார். அதையே அவர்கள் எதிர்க்கிறார்கள். நீங்கள் இவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள்.

சேரும் முன் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. பி.சி.ஐ. இணையதளத்தில் மாநில வாரியாக அனுமதி பெற்ற கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. கல்லூரியின் பெயர், ஊர், எந்தப் படிப்பு, எந்த வருடம் வரை அனுமதி, நாலும் பொருந்த வேண்டும். பெயர் மட்டும் ஒரே மாதிரி இருந்தால் ஏமாறாதீர்கள். 'டெல்லி அப்ரூவல்', 'மத்திய அரசுப் பதிவு' என்றால் எந்த டெல்லி, எந்தப் பதிவு என்று எழுத்தில் கேளுங்கள். "இதைப் படித்தால் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் என் பெயரைப் பதிவு செய்யலாமா, ஆமாவா இல்லையா?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நான் கேட்ட கேள்வி வேறு, அதனால்தான் அவர் நழுவ முடிந்தது.

இப்போது கடை வேலையை விட்டுவிட்டேன். நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், இந்த வருடம் டி.பார்முக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

போன வாரம் தொண்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாக ஒரு ஃபிளெக்ஸைப் பார்த்தேன். இன்ஸ்டிட்யூட்டுக்கு வேறு பெயர், வேறு ஊர், படிப்புக்கு 'அட்வான்ஸ்டு' என்று ஒரு வார்த்தை கூடுதல். படம் மட்டும் பழையதுதான், எங்கள் செட்டு கோட்டு வாங்கிய அன்று எடுத்தது. வலது ஓரத்தில், கோட்டு முழங்கால் வரைக்கும் தொங்க, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பது நான்தான். அதை எடுக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.