ஹ்மோங்கும் சிங்களமும்: தமிழருக்கு எது எங்கே இடறும்?

சிங்களம் இந்தோ-ஆரிய மொழி. ஹ்மோங், ஹ்மோங்-மியன் என்ற தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதலாவது இலங்கையில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோரின் தாய்மொழி. இரண்டாவது தென்சீன மலைகளிலிருந்து வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து வரை சிதறிக் கிடக்கிறது. 1975-க்குப் பிறகு லாவோஸிலிருந்து தப்பி ஓடிய அகதிகளோடு அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின், கலிபோர்னியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. இவற்றைக் கற்க உட்காரும் தமிழருக்கு இரண்டும் எதிரெதிர் இடங்களில் முட்டுக்கட்டை போடுகின்றன. சிங்களம் வாய்க்கு எளிது, எழுத்தில் படுத்தும். ஹ்மோங் எழுத்தில் எளிது, காதைப் படுத்தும்.

முதலில் சிங்களம். 'மம பத் கனவா' என்றால் 'நான் சோறு சாப்பிடுகிறேன்'. சொற்கள் நிற்கும் வரிசை அப்படியே நம்முடையதுதான். பேச்சில் நமக்கு இன்னொரு சலுகையும் உண்டு. நான், நீ, அவர் என்று யார் சாப்பிட்டாலும் 'கனவா'தான், விகுதி மாறாது. வினைகளின் போக்கும் பழகியதாகவே இருக்கும். நாம் 'உடைக்கிறது', 'உடைகிறது' என்று பிரிப்பதுபோல அவர்கள் 'கடனவா', 'கெடெனவா' என்று பிரிக்கிறார்கள். 'மகே அதின் கோப்பய கெடுணா' என்று ஒருவர் சொன்னால், 'என் கைபட்டுக் கோப்பை உடைந்துவிட்டது' என்று பொருள். வேண்டுமென்று செய்யவில்லை என்பதை வினையே சொல்லிவிடுகிறது. தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சொற்களிலும் இந்த நெருக்கம் உண்டு. கடை அங்கே 'கடே', காசு 'சல்லி'. போர்த்துகீசியர் விட்டுச்சென்ற மேசையும் பாணும் சப்பாத்தும் இலங்கைத் தமிழிலும் இருக்கின்றன, சிங்களத்திலும் இருக்கின்றன.

சிக்கல் புத்தகத்தைத் திறந்ததும் தொடங்குகிறது. பேச்சில் இல்லாத விகுதிகள் எல்லாம் எழுத்தில் வரிசையாக வந்து நிற்கும்: 'மம பத் கமி', 'ஒஹு பத் கயி', 'ஒவுஹு பத் கதி'. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைவெளி தமிழிலும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் பேச்சுத் தமிழ் விகுதியைத் தேய்த்தாவது வைத்திருக்கிறது. பேச்சுச் சிங்களம் உதறியே விட்டது. எழுத்துக்கூட்டல் இன்னும் கடினம். ன-ண, ல-ள இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு, பேச்சில் வேறுபாடு இல்லை. சமஸ்கிருதம், பாலியிலிருந்து வந்த 'க்ஹ', 'ப்ஹ' போன்ற மூச்சொலி எழுத்துகளும் அப்படித்தான். எந்தச் சொல்லுக்கு எது என்று மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. சிங்களப் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் பிழை விடுகிறார்கள்.

ஹ்மோங் இதற்கு நேர்மாறு. வினைக்கு எந்த விகுதியும் கிடையாது. காலம் காட்டவும் வினை உருமாறாது, வேண்டுமானால் தனிச்சொல் ஒன்று பக்கத்தில் வரும். 'கூ நோ மோ' என்றால் 'நான் சாப்பிடு சோறு' என்ற வரிசை. இலக்கணம் இவ்வளவு லேசா என்று தோன்றும். அப்புறம்தான் தொனி வரும்.

வெள்ளை ஹ்மோங் வழக்கில் தொனி ஏழு. எட்டாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். 'போ' என்ற ஒரே அசையை எடுத்துக்கொள்ளுங்கள். குரல் மேலே நின்றால் பந்து, மேலிருந்து விழுந்தால் பெண், ஏறினால் எறிவது, நடுவில் நின்றால் மண்ணீரல், தாழ்ந்து நின்றால் முள். மூச்சு கலந்து இறங்கினால் அப்பாவைப் பெற்ற பாட்டி. தொண்டை அடைபட்டு நின்றால் பார்ப்பது. தமிழில் குரல் ஏற்றஇறக்கம் கேள்வியையும் கோபத்தையும் காட்டும், சொல்லையே மாற்றாது. அதனால் நம் காது இதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். அந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் ஹ்மோங் கற்பதில் பெரும்பாடு.

எழுதுவது அப்படியல்ல. 1951-53-இல் லாவோஸில் மிஷனரிகள் சேர்ந்து உருவாக்கிய ரோமன் எழுத்துமுறை, தொனியைச் சொல்லின் கடைசி எழுத்தாகவே போட்டுவிட்டது. 'ஹ்மோங்' என்று எழுத ஹெச், எம், இரண்டு ஓ, கடைசியில் பி (Hmoob). அந்த பி ஒலிக்காது. 'குரலை உயர்த்து' என்று மட்டும் சொல்லும். இரட்டை ஓ மூக்கொலிக்கு. இந்த விதிகளை ஒருமுறை பிடித்துக்கொண்டால் பார்த்ததை அப்படியே படித்துவிடலாம். சிங்கள எழுத்தில் கிடைக்காத நிம்மதி இது.

ஆனாலும் எழுத்துக் கதையில் என் மனம் போவது இன்னொரு ஹ்மோங் எழுத்திடம். ஷோங் லூ யாங் என்ற எழுதப்படிக்கத் தெரியாத விவசாயி 1959-இல் 'பஹாவ்' என்ற எழுத்துமுறையைத் தானே உருவாக்கினார், 1971-இல் கொல்லப்பட்டார். தமிழிலும் சிங்களத்திலும் மெய்தான் முதன்மை, குறி எதுவும் போடாவிட்டால் 'அ' தானாக ஒலிக்கும். பஹாவில் உயிர்தான் முதன்மை, மெய் எழுதாவிட்டால் 'க்' தானாக ஒலிக்கும். உச்சரிப்பில் பின்னால் வரும் உயிர், எழுத்தில் முன்னால் நிற்கும். நம் 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறதே, அந்த மாதிரி. சிங்களத்தில் அந்தக் குறிக்குப் பெயரும் 'கொம்புவ'தான். ஆனால் பஹாவில் ஒவ்வொரு அசையும் இப்படித்தான். எந்தப் பள்ளிக்கும் போகாத ஒருவர் தன் மொழியை இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய அதிசயம்.

உறவே இல்லாத இந்த இரு மொழிகளும் ஓரிடத்தில் மட்டும் சந்திக்கின்றன: மெய்க்கு முன்னால் ஒரு கீற்றாக வரும் மூக்கொலி. சிங்களத்தில் 'கந்த' என்று ந் நின்று ஒலித்தால் மலை. அதே ந் பட்டும் படாமலும் ஒலித்தால் அடிமரம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். சிங்களத்தில் இது சொல்லின் நடுவில் வரும். ஹ்மோங்கில் சொல்லே இதில் தொடங்குவதுண்டு. இலைக்கான சொல் 'ம்ப்லோ' என்று ஆரம்பிக்கிறது. வாய்ப் பயிற்சி இல்லாமல் நமக்கு இது வராது.

எதைக் கற்பது என்று கேட்டால், இலங்கைத் தமிழருக்குச் சிங்களம் வெறும் மொழிப் பாடமல்ல. சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய 1956-இன் 'சிங்களம் மட்டும்' சட்டம் இன்னும் வலிக்கிறது. அந்த வலியை ஒதுக்கிவிட்டுப் படி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மொழியை மட்டும் வைத்துச் சொன்னால், சிங்களமே நமக்குப் பக்கம்; பேச்சை முதலில் பிடியுங்கள், எழுத்துநடை பிறகு வரட்டும். ஹ்மோங் கற்க ஆசைப்படுபவர்கள் ரோமன் எழுத்தின் எளிமையை நம்பிப் புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டாம். அந்த ஏழு 'போ'வையும் ஹ்மோங்காரர் ஒருவர் வாயால் கேட்டு, கண்ணை மூடியபடி பிரித்தறிய முடிகிற வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.