ப்ராக் கோப்புகளோடு ஒன்பது ஆண்டுகள்

கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் விடுதிகளாக மாறிய பழைய வீடுகள் சிலவற்றுக்கும், ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்கும் லினக்ஸ் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். நினைவகம், வட்டு, செயல்முறைகள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) ஆகியவற்றின் நிலையை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலிடமிருந்து வாங்கி அன்றாட அறிக்கையாக்கும் ஸ்கிரிப்டுகளை (சிறு நிரல்களை) நானே எழுதி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கர்னல் எந்த வடிவத்தில் தகவல் தருகிறது என்பதே என் உழைப்பில் பெரும்பகுதியைத் தீர்மானித்திருக்கிறது.

கர்னல் தன் நிலையைக் காட்டும் /proc அடைவிலுள்ள ப்ராக் கோப்புகள் வெறும் உரை. கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளை ஒன்றே படிக்கப் போதும். இந்த எளிமை என்னைப் பலமுறை காப்பாற்றியது, ஒருமுறை ஏமாற்றவும் செய்தது. ஒரு விடுதியை நடத்தும் ஆச்சி, "தம்பி, சாயங்காலமானா கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குது, உங்க ரிப்போர்ட்டுல மட்டும் எல்லாம் சரின்னு வருதே" என்றார். செயல்முறையின் ஸ்டாட் கோப்பு ஒரே வரி. அதில் 14, 15 ஆவது புலங்கள் (இடைவெளியால் பிரிந்த மதிப்புகள்) பயனர் நேரத்தையும் கர்னல் நேரத்தையும், அதாவது செயலி அந்த நிரலின் சொந்த வேலையிலும் அதற்காகக் கர்னலிலும் செலவிட்ட நேரத்தைத் தருகின்றன. நான் இடைவெளியை வைத்துப் புலங்களைப் பிரித்திருந்தேன். இரண்டாம் புலமான நிரலின் பெயர் அடைப்புக்குறிக்குள் வருவது, அதற்குள் இடைவெளியும் இருக்கலாம். அங்கே ஓடிய பேக்கப் நிரலின் பெயரில் ஓர் இடைவெளி இருந்ததால் எல்லாப் புலங்களும் ஓரிடம் தள்ளிப்போய், கர்னல் நேரம் கணக்கிலேயே வராமல் விடுபட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, நம்பத்தக்க ஒரு தவறான எண் மட்டும் வந்தது. கடைசி அடைப்புக்குறியைத் தேடி அதற்குப் பின்னிருந்து எண்ணுவதே சரியான வழி என்பதை அன்று கற்றேன்.

வட்டுகளின் உழைப்பைக் காட்டும் டிஸ்க்ஸ்டாட்ஸ் கோப்பிலும் இதே வகைத் தவறைச் செய்தேன். கர்னலின் 4.18 பதிப்பில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் நான்கு புலங்கள் கூடின, 5.5இல் மேலும் இரண்டு. புதியவற்றை இறுதியில் சேர்த்தது நல்ல ஒழுங்கு. வரியின் கடைசி எண்ணை எடுத்துக்கொண்டிருந்த என் ஸ்கிரிப்டுதான் உழைக்கும் வட்டைச் சும்மா இருப்பதாகக் காட்டியது. நினைவகக் கணக்கைத் தரும் மெம்இன்ஃபோ கோப்பு இதற்கு நேர்மாறு. 2014இல் 3.14 கர்னலில் புதிய நிரல்களுக்குக் கிடைக்கக்கூடிய நினைவகத்தைச் சொல்லும் மெம்அவைலபிள் என்ற வரி நடுவே, மூன்றாவதாக நுழைந்தது. ஆனாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் பெயர் இருப்பதால், பெயரைத் தேடிப் படித்தவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. பற்று, வரவு என்று தலைப்பிட்ட பேரேட்டை யார் பிரித்தாலும் புரிந்துகொள்வதைப் போன்றது இது. அங்கே கேபி என அச்சாகும் அலகு உண்மையில் 1024 பைட்டுகள் என்பது மட்டும் எனக்கு இன்றும் உறுத்தல்.

கர்னல் சாதனங்களின் விவரத்தைத் தரும் /sys அடைவான சிஸ்எஃப்எஸ் ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்று வைத்துக்கொண்டது. பிரிக்கும் வேலையே இல்லை, நான் மிகவும் விரும்புவதும் இதையே. ஆனால் இருபது எண்கள் வேண்டுமென்றால் இருபது கோப்புகளைத் திறக்க வேண்டும். அவை ஒரே கணத்தின் எண்களாகவும் இருப்பதில்லை.

காரைக்குடியில் ஒரு கணினியில் லினக்ஸைப் போன்ற இன்னோர் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி ஓடுகிறது. அங்கே கர்னலிடம் தகவல் கேட்கும் சிஸ்சிடிஎல் வழி செயல்முறைப் பட்டியல், உரையாக அல்லாமல் பைனரிக் கட்டமைப்பாக வருகிறது. வேகமானதுதான், எனினும் கட்டளைகளைத் தட்டச்சிடும் ஷெல்லிலிருந்து நேரே தொட முடியாது. பதினோராம் பதிப்பு முதல் லிப்எக்ஸ்ஓ என்ற நிரல் நூலகத்தின் துணையால் பல கட்டளைகள் ஜேசன் (பெயரும் மதிப்பும் இணைந்த உரை வடிவம்) தருவதால் அந்தக் குறை எனக்குத் தீர்ந்தது. லினக்ஸில் வலையமைப்பைக் காட்டும் ஐபி கட்டளையும் வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கேயும் அவ்வாறே தருகின்றன. ஆனால் எல்எஸ்பிஎல்கேயின் பழைய பதிப்புகள் மேற்கோளுக்குள் 0 என்று தந்த இடத்தில் புதியவை ஃபால்ஸ் (இல்லை) என்று தருவதால், வெவ்வேறு பதிப்புகள் ஓடும் இரண்டு விடுதிகளுக்காக இரண்டையும் ஏற்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

இப்போது பெயரும் மதிப்பும் சேர்ந்து வரும் இடத்தில் கோப்பையே படிக்கிறேன், அட்டவணையாக வரும் இடத்தில் ஜேசன் கேட்கிறேன். கர்னலைப் புதுப்பித்த மறுநாள் காலையில், டிஸ்க்ஸ்டாட்ஸ் வரியில் எத்தனை புலங்கள் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்த பிறகே அறிக்கையை ஆச்சிக்கு அனுப்புகிறேன்.