பிளாக் காபியின் 'சப்கான்ஷியஸ்லி': எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு

தென்னாப்பிரிக்க டிஜே பிளாக் காபி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட 'சப்கான்ஷியஸ்லி' என்ற ஹவுஸ் (மின்னணு நடன இசை) தொகுப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தவர்களில் இருவர்கூட ஒத்த கருத்துச் சொல்லவில்லை. அண்ணனுக்கு அது அறவே பிடிக்கவில்லை. அண்ணன் மகளுக்கு அதில் ஒரே ஒரு பாட்டு உயிர், மற்றவை வேண்டாம். பட்டர்வொர்த்தில் இருக்கும் நண்பர், பினாங்கு ஹோட்டல்களில் நெடுங்காலமாக டிஜே வேலை பார்ப்பவர், அதன் பெயரைச் சொன்னாலே குரலை உயர்த்துகிறார். செராஸில் இரவுப் பணி பார்க்கும் தாதி ஒருவர், என் பள்ளித் தோழி, காரில் வேறெதையும் கேட்பதில்லை. நான் இந்தத் தொகுப்பின் பக்கம் நிற்கிறவள், ஆனால் முழுவதற்கும் அல்ல.

நானும் அண்ணனும் கோலாலம்பூர் செந்தூலில் ஒலிபெருக்கி வாடகைத் தொழில் நடத்துகிறோம். திருமணம், பிறந்தநாள், கோயில் திருவிழா எல்லாம் உண்டு. பெட்டிகளை ஏற்றி இறக்குவதும் கம்பி இழுப்பதும் அண்ணன் பொறுப்பு. ஒலிகளைக் கலந்து அளவு பார்க்கும் மிக்சரின் முன்னால் உட்காருவது நான். அதனால் புதுப் பாட்டு ஒன்றைக் கேட்டால் என் காது முதலில் போவது மெட்டுக்கு அல்ல, அடிக்கு. கிக் டிரம் (பெரிய முரசின் அடி) எப்படி விழுகிறது, அதற்கும் பேஸுக்கும் (கீழ்ச்சுருதி ஒலி) இடையில் சண்டை இருக்கிறதா, குரலைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் கவனிப்பேன். இந்தத் தொகுப்பு என்னைப் பிடித்து நிறுத்தியதும் அங்கேதான்.

ஹவுஸ் இசையின் இலக்கணம் எளிமையானது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி. நான்கு அடியிலும் கிக் விழும். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ஹைஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டு சத்தமிடும். 1980களின் தொடக்கத்தில் சிகாகோவில் கறுப்பின இளைஞர்களின் நடன அரங்குகளில் பிறந்தது. அங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது அந்த மண் அதைத் தன் நடைக்கு மாற்றிக்கொண்டது. நிறவெறி ஆட்சி முடிந்த 1990களில் வேகத்தைக் குறைத்து, உள்ளூர் மொழிகளில் பேசிப் பாடிய குவைத்தோ இசை அப்படித்தான் வந்தது. அதற்குப் பின் வந்த தலைமுறை மறுபடியும் ஹவுஸுக்கே திரும்பி, கைமுரசுகளையும் குலுக்கும் கருவிகளையும் அதன் நான்கு அடிக்கு நடுவே வைத்துப் பின்னியது. அந்தத் தலைமுறையில் உலகம் முழுவதும் அறிந்த பெயர் பிளாக் காபி.

இயற்பெயர் ந்கோசினாதி மபுமுலோ. 1976இல் டர்பனில் பிறந்து, ஈஸ்டர்ன் கேப் மாநிலத்தில் ம்தாதா என்ற ஊரில் வளர்ந்தவர். 1990 பிப்ரவரியில் மண்டேலாவின் விடுதலையைக் கொண்டாட மக்கள் தெருவில் திரண்டபோது ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. அப்போது அவருக்கு 13 வயது. இடது கை செயலிழந்துபோனது. வலது கை ஒன்றாலேயே மேடையில் இசையைக் கையாளப் பழகிக்கொண்டார். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. இரண்டு கைகளாலும் ஓயாமல் பொத்தான்களைத் திருகிக்கொண்டே இருக்கும் டிஜேக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவருடைய இசையில் அந்தப் பதற்றம் துளியும் இல்லை. ஒன்றைத் தொட்டால் அதற்குரிய காரணம் இருக்கும்.

டர்பன் நம் மக்களுக்கு அந்நிய ஊரும் அல்ல. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களை அங்கே கொண்டுபோய் இறக்கியது, கரும்புத் தோட்டங்களுக்காக. அதே நூற்றாண்டில் பினாங்குக்கு எதிரே புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கும் நம்மவர்கள் வந்து இறங்கினார்கள். என் அம்மாவழித் தாத்தாவின் குடும்பம் அந்தப் பக்கத்துத் தோட்டம்தான். டர்பனில் பிறந்த ஒருவருடைய பாட்டைக் கேட்கும்போது எனக்கு அந்த நினைப்பு வராமல் போவதில்லை.

இனி வழக்குக்கு வருகிறேன்.

அண்ணனின் குற்றச்சாட்டு எடை இல்லை என்பது. அவர் பிளாக் காபியைப் பழைய பாட்டுகள் வழியே அறிந்தவர். பூசி என்ற பாடகியோடு செய்த 'சூப்பர்மேன்' அவருக்கு மிகவும் பிடிக்கும். (2017இல் ராப் பாடகர் டிரேக் தன் தொகுப்பில் எடுத்து மாற்றிப் பாடியது இதைத்தான், பிளாக் காபியின் பெயர் அமெரிக்காவில் பரவலாகத் தெரிந்ததும் அதன் பிறகுதான்.) அந்தப் பாட்டில் பேஸ் தரையோடு நடக்கும். புதிய தொகுப்பைக் கடையில் இருக்கும் 18 அங்குலப் பெட்டிகளில் போட்டுப் பார்த்துவிட்டு, "இதை மண்டபத்தில் போட்டால் ஆட எழுந்தவன்கூடச் சாப்பாட்டு மேசைக்குப் போய்விடுவான்" என்றார். மண்டபத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது முழு உண்மை. எங்கள் திருமணக் கூட்டத்துக்கு உச்சம் வேண்டும்; அடி ஏறி ஏறி ஓர் இடத்தில் உடைய வேண்டும். 'சப்கான்ஷியஸ்லி'யில் அப்படி உடையும் இடங்கள் மிகக் குறைவு. அடி ஏறுவதுபோல் தொடங்கி, நாம் காத்திருக்கும்போதே மெல்ல ஒதுங்கிக்கொள்கிறது.

பட்டர்வொர்த் நண்பரின் புகார் தொழில்முறையானது. டிஜேக்கு ஒரு பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் தாளம் மட்டும் ஓடும் நீளம் வேண்டும். முந்தைய பாட்டோடு இணைப்பது அங்கேதான். 120 வேகத்தில் 32 பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) என்றால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த ஒரு நிமிடத்தில் நல்ல டிஜே ஒரு கூட்டத்தையே வேறு மனநிலைக்குக் கொண்டுபோய்விடுவார். இந்தத் தொகுப்பின் பாட்டுகளோ வானொலிக்கு அளவெடுத்துத் தைத்தவை. குரல் சீக்கிரமே நுழைந்துவிடுகிறது. 2022 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நடந்த கிராமி விழாவில் சிறந்த நடன, மின்னணு இசைத்தொகுப்பு விருது இதற்குப் போனது அவருக்கு ஆறவே இல்லை. அதே பரிந்துரைப் பட்டியலில் சிகாகோவின் மூத்த குழுவான டென் சிட்டியும் இருந்தது. 1980களிலேயே ஹவுஸுக்குத் தேவாலயக் குரலைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். "ஆடுவதற்கான இசைக்குரிய விருதை ஆட முடியாத தொகுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள், தங்கச்சி" என்று தொலைபேசியில் பொரிந்து தள்ளினார்.

அவருடைய மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. தீர்ப்பை ஏற்க முடியவில்லை. ஹவுஸ் என்றால் ஆட்டம் மட்டும்தான் என்று யார் வரையறுத்தது? சிகாகோவில் முதல் தலைமுறையிலேயே அறைக்குள் தனியாக உட்கார்ந்து கேட்கத்தக்க ஹவுஸைச் செய்தவர்கள் உண்டு. லாரி ஹெர்டின் பழைய பாட்டுகளைக் கேளுங்கள். அவற்றில் பாதிக்கு மேல் கால்களுக்காகச் செய்தவை அல்ல. பிளாக் காபி அந்த மரபில் வந்தவர். அவரைக் குறை சொல்ல வேண்டிய இடம் வேறு.

அந்த இடம் விருந்தினர் பட்டியல். 12 பாட்டுகளுக்கு எத்தனை பெயர்கள்! அஷர், ஃபாரெல் வில்லியம்ஸ், டேவிட் கெட்டா, டிப்லோ, கேஸி, சப்ரினா கிளாடியோ, செலஸ்ட், ஆர்.ஒய். எக்ஸ். போதாக்குறைக்கு, பாட்டுகளில் பல தனித்தனியாக முன்பே வெளிவந்தவை. டேவிட் கெட்டாவோடு செய்த 'டிரைவ்' 2018இலேயே வந்துவிட்டது. அஷரின் 'லலலா' 2019. மூன்று ஆண்டுகளில் வெவ்வேறு நோக்கங்களுக்காகச் செய்தவற்றை ஒரே அட்டைக்குள் வைத்தால் தொடர்ச்சி எப்படி வரும்? ஒரு பாட்டு நம்மை மெல்ல உள்ளே அழைத்துப் போகிறது. அடுத்தது வாசலில் நின்று கையாட்டுகிறது. 'லலலா'வில் அஷர் பழுதில்லாமல் பாடுகிறார். ஆனால் அந்தப் பாட்டைப் பிளாக் காபிதான் செய்ய வேண்டும் என்ற அவசியம் எதுவும் அதில் இல்லை. ஃபாரெலும் ஜோஸியும் பாடும் '10 மிஸ்டு கால்ஸ்' அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. காதில் ஒட்டும், உதிர்ந்தும் விடும். டிப்லோ சேர்ந்த 'நெவர் கோனா ஃபர்கெட்' எல்டர்புரூக்கின் குரலால் பிழைக்கிறது.

அண்ணன் மகளுக்குப் பிடித்தது 'டிரைவ்'. சுபாங்கில் கல்லூரியில் படிக்கிறாள். எல்ஆர்டியில் போய் வருகிறாள். "அத்தை, இது ஒன்றுதான் நேராகப் பேசுகிறது, மற்றதெல்லாம் தூங்குகிறது" என்கிறாள். டெலிலா மான்டகுவின் அந்தக் கரகரத்த குரலும் தெளிவான மெட்டும் பத்தொன்பது வயதில் யாரையும் பிடித்துக்கொள்ளும். நல்ல பாப் பாட்டு அது. அதன் வழியே இந்தக் கதவுக்குள் நுழைந்தவர்கள் உலகில் ஏராளமாக இருப்பார்கள், இருக்கட்டும்.

நான் வாதாடுவது மற்றவற்றுக்காக. 'விஷ் யூ வேர் ஹியர்' பாட்டில் தென்னாப்பிரிக்கப் பாடகி ம்சாகி பாடுகிறார். இழப்பைப் பற்றிய பாட்டு. அழவைக்க வேண்டும் என்று எதுவும் செய்யவில்லை. வயலின்களைக் கூட்டி மேலே ஏற்றவில்லை. கிக் மெத்தென்று விழுகிறது. அதன் பின்னால் பேஸ் சற்றுத் தாமதித்து வருகிறது. ம்சாகியின் குரல் எந்த இடத்திலும் அடியின் மேல் உட்காருவதில்லை. அடி முடிந்தபின் விட்ட இடத்தில் நுழைகிறது. தைப்பூசத்தில் பத்துமலைப் பாதையில் உறுமி கேட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். ஒரு முகத்தில் குச்சி அடிக்க, மறுமுகத்தில் வளைந்த குச்சி தோலைத் தேய்த்து முனகவைக்கும். அடி எண்ணிக்கை காட்டும். உடம்பை இழுப்பது அந்த முனகல். ம்சாகியின் குரல் இந்தப் பாட்டில் செய்வது அந்த வேலையைத்தான். இதை மிக்ஸ் செய்தவர் குரலைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் குறைத்து, அந்த முனகலுக்கு இடம் கொடுத்திருக்கிறார். குறைப்பதற்குத் துணிவு வேண்டும். மிக்சர் முன்னால் உட்காருகிறவர்களுக்கு அது தெரியும். வாடிக்கையாளர் எப்போதும் கூட்டத்தான் சொல்வார்.

'ஐம் ஃபாலின்' பாட்டில் ஆஸ்திரேலியப் பாடகர் ஆர்.ஒய். எக்ஸ் ஏறக்குறைய முணுமுணுக்கிறார். செலஸ்ட் பாடும் 'ரெடி ஃபார் யூ'வில் குரலுக்குக் கீழே பியானோவும் தாளமும் ஒன்றையொன்று தொடாமல் நடக்கின்றன. உனா ராம்ஸும் டெல்லமனும் பாடும் 'ஃப்ளேவா'வில் வீட்டு ஆட்களோடு இருக்கும் இலகு தெரிகிறது. ஊர்க்காரர்களோடு இருக்கும்போதுதான் இந்த மனிதர் தளர்ந்து உட்காருகிறார். 'யூ நீட் மீ'யில் சன்-எல் மியூசிஷியன் சேரும்போதும் அதே இலகு.

தாதித் தோழிக்கு இந்தப் பாட்டுகளின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் அவள் சொன்னதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். இரவெல்லாம் இயந்திரங்களின் எச்சரிக்கை ஒலியைக் கேட்டுவிட்டு விடியற்காலையில் வீட்டுக்குக் காரோட்டும்போது, அமைதியாக இருந்தால் தூக்கம் வருகிறது. சத்தமாக எதையாவது போட்டால் தலை வலிக்கிறது. "இது விழித்திருக்க வைக்கிறது, ஆனால் துரத்துவதில்லை" என்றாள். 120 வேகத்தில் அடிக்கும் இசையிலிருந்து இப்படி ஒரு குணத்தை வரவழைப்பது எளிதல்ல. வேகம் அதேதான், விளிம்புகளை மட்டும் மழுக்கியிருக்கிறார்கள். கிக்கின் முன்பகுதியில் இருக்கும் அந்த 'டக்' என்ற கூர்மையை எடுத்துவிட்டு, அடியின் வயிற்றை மட்டும் விட்டிருக்கிறார்கள். அண்ணன் எடை இல்லை என்று சொன்னதும் இதைத்தான். மண்டபத்தில் குறையாகத் தெரிவது, மூடிய காருக்குள் நிறைவாகத் தெரிகிறது.

கேட்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டு முடிவு கட்டாதீர்கள். இந்தத் தொகுப்பின் பாதி வேலை அந்த ஸ்பீக்கர் எட்டாத ஆழத்தில் நடக்கிறது. ஓரளவு நல்ல ஹெட்போன் போதும். ஒலியைக் குறைவாக வையுங்கள். முதல்முறை வரிசையாகக் கேட்க வேண்டாம். ம்சாகி, ஆர்.ஒய். எக்ஸ், செலஸ்ட், 'ஃப்ளேவா' என்று போய்விட்டுப் பிறகு மற்றவற்றுக்கு வாருங்கள். ஆடுவதற்காக வேண்டுமென்றால் இது வேண்டாம். 2009இல் வந்த 'ஹோம் ப்ரூட்' தொகுப்புக்குப் போங்கள். அண்ணன் உங்களை ஆசீர்வதிப்பார்.

2023 அக்டோபரில் பிளாக் காபி நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் தலைமைக் கலைஞராக மேடை ஏறினார். அந்த உயரத்துக்கு வந்தவருக்கு இனி அட்டையில் அஷரின் பெயரோ கெட்டாவின் பெயரோ தேவையில்லை. எனக்கு அவரிடமிருந்து வேண்டியது ஒன்றுதான்: ம்சாகியோடு ஒரு முழுத் தொகுப்பு. வேறு விருந்தினர் எவரும் வேண்டாம். பாட்டுகள் எட்டோ பத்தோ நிமிடம் ஓடட்டும். தொடக்கத்தில் பட்டர்வொர்த் நண்பருக்காக 32 பார் தாளத்தை மட்டும் விட்டு வைக்கட்டும்.