கியர்பாக்ஸையும் படிக்கும் கார் ஸ்கேனர்: திரையைத் திட்டிக்கொண்டே வாங்கலாம்

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது திரைக்காக, அதைப் பிறகு சொல்கிறேன். இன்ஜினோடு நின்றுவிடாமல் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள்ளும் போய்ப் பார்க்கிறதே, அதற்குத்தான் நான்கு.

என் தொழில் ரேடியோ, டிவி ரிப்பேர். மல்டிமீட்டர் கைக்குப் பழக்கம், கார் அவ்வளவு இல்லை. வண்டி ஆட்டோமேட்டிக். சூடேறியதும் தொந்தரவு ஆரம்பிக்கும். கியர் மாறும்போது முதுகு இருக்கையில் மோதும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடோமீட்டர் முள் பொத்தென்று சுழிக்கு விழும். அப்புறம் ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும், மிதித்தாலும் இழுக்காது. லிம்ப் மோடு என்பது இதுதான். அணைத்து ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். காட்டிய இடத்தில், "உள்ளே கிளட்ச் தேய்ஞ்சிருக்கும், கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். ஆறினால் சரியாகிவிடுகிற கிளட்ச் தேய்மானமா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. சூட்டில் வந்து குளிரில் போகிற கோளாறு என்றால் என் புத்தி முதலில் ஏதாவது ஒரு சுருளையோ சால்டரையோதான் சந்தேகப்படும்.

கையில் ஏற்கெனவே ஒரு மலிவு கோட் ரீடர் இருந்தது, காரில் பதிவான கோளாறு எண்ணை (கோட்) படிக்கும் கருவி. அது பி0700 என்று மட்டும் காட்டியது. 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்க் கேள்' என்பதுதான் அதன் பொருள். அங்கே போய்க் கேட்க அந்த ரீடருக்கு வழியில்லை. இந்த ஸ்கேனரைச் செருகியதும் பி0722 வந்தது. அவுட்புட் ஸ்பீடு சென்சாரிலிருந்து, அதாவது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் வேகத்தை அளக்கும் சென்சாரிலிருந்து, சிக்னல் இல்லை. இன்ஜினிலிருந்து சுழற்சி உள்ளே வருகிற இன்புட் பக்கத்துச் சென்சார் போயிருந்தால் பி0717 வந்திருக்கும்.

கோட் வந்ததும் கீழேயே 'சென்சாரை மாற்றவும்' என்று ஒரு வரி போடுகிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை. சிக்னல் வரவில்லை என்பது மட்டும்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒயர் அறுந்திருக்கலாம், கனெக்டருக்குள் எண்ணெய் ஏறியிருக்கலாம், கனெக்டரின் ஊசிகளில் பச்சை பிடித்திருக்கலாம். அந்த ஒரு வரியை நம்பிச் சென்சார் வாங்குகிறவர்கள் எத்தனை பேரோ.

இதன் உண்மையான மதிப்பு லைவ் டேட்டா கிராஃபில் இருக்கிறது. இன்புட் ஷாஃப்ட் சுற்று, அவுட்புட் ஷாஃப்ட் சுற்று, பிரேக்கின் ஏபிஎஸ் கம்ப்யூட்டர் தருகிற சக்கர வேகம் மூன்றையும் ஒரே படத்தில் கோடுகளாகப் போட்டேன். அவுட்புட் கோடு பச்சை. இன்புட்டை அவுட்புட்டால் வகுத்தால் அந்த நேரத்தில் ஓடுகிற கியரின் விகிதம் வர வேண்டும். 2400-க்கு 1200 என்றால் 2. ஒன்றுக்கு ஒன்று கியரில் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து போகும். கிளட்ச் வழுக்கினால் இன்புட் கோடு மட்டும் இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே எகிறும், அவுட்புட் கோடு வண்டியின் வேகத்தோடு ஒழுங்காகவே போகும். சென்சார் கோளாறு என்றால் கதை தலைகீழ். சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும், அவுட்புட் கோடு மட்டும் செத்துப்போகும்.

நான் ஓட்ட, அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டு வந்தான். சூடேறும்வரை மூன்று கோடும் நல்ல பிள்ளைகளாகப் போயின. திடீரென்று, "மாமா, விழுந்துடுச்சு!" என்றான். "எது?" "பச்சைக் கோடு. சக்கரம் நாற்பதுல இருக்கு, இது ஜீரோ." அடுத்த நொடி முதுகில் அந்த மோதல். பதிவு செய்கிற வசதி இருப்பதால் வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தேன். முதலில் கோடு விழுகிறது, பிறகுதான் கியர் உதறுகிறது. இன்புட் கோடு எங்கேயும் தனியாக எகிறவில்லை. கிளட்ச் பேச்சு அதோடு முடிந்தது.

மீதியை மல்டிமீட்டர் பார்த்துக்கொண்டது. என் வண்டியில் இருப்பது இரண்டு ஒயர் சென்சார். உள்ளே ஒரு காந்தமும் செம்புச் சுருளும், எதிரே ஷாஃப்ட்டோடு சுற்றும் பல்சக்கரம். எலக்ட்ரிக் கிடாரின் பிக்கப் மாதிரிதான்: இரும்புப் பல் கடக்கும்போதெல்லாம் சுருளில் ஒரு சின்ன ஏசி வோல்டேஜ் பிறக்கும். கனெக்டரைக் கழற்றிச் சுருளை அளந்தால் குளிரில் கையேட்டில் உள்ள அளவுக்குள் இருந்தது. ஓட்டிச் சூடேற்றி, கோளாறு வந்ததும் நிறுத்தி அளந்தேன். மீட்டர் ஓப்பன் காட்டியது, அதாவது சுருள் எங்கேயோ அறுந்திருக்கிறது. கனெக்டர் சுத்தம். ஒயரை ஆட்டி ஆட்டி அளந்ததிலும் குறை இல்லை. மூன்று ஒயர் என்றால் அது பெரும்பாலும் ஹால் வகை, காந்தப் புலத்தை ஒரு சின்ன சிப் உணரும். அதில் ஓம் பார்த்துப் பயனில்லை, சப்ளை வோல்டேஜும் சதுர அலை சிக்னலும்தான் பார்க்க வேண்டும்.

மாற்றுவது சுலபம். வண்டியை ஆறவிட்டு, ஜாக்கில் மட்டும் நம்பி நுழையாமல் ஸ்டாண்டு போட்டு, சென்சாரைச் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அது நேராக உள்ளே போகும். ஒரே ஒரு போல்ட், 10 எம்எம் தலை. போல்ட் வந்தாலும் சென்சார் வராது, பழைய ஓரிங் (எண்ணெய் கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையம்) பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பாமல், இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே இழுத்தால் வரும். கொஞ்சம் எண்ணெய் வழியும், தட்டு வையுங்கள். முனைக் காந்தத்தில் மை போல நைசான சாம்பல் பசை ஒட்டியிருந்தது. அது சகஜம். துண்டு துண்டாக இரும்புச் சீவல் இருந்தால்தான் கியர்பாக்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். புதுசின் ஓரிங்கில் அதே கியர்பாக்ஸ் எண்ணெயைத் தடவி, கையாலேயே முழுதாக அமுக்கி உட்காரவைத்த பிறகு போல்ட்டை முறுக்கினேன். போல்ட்டாலேயே இழுத்து உட்காரவைத்தால் பிளாஸ்டிக் காது விரிசல் விடும். போல்ட் மாட்டுவது அலுமினியத்தில் என்பதால் கையேட்டு அளவுக்குமேல் இறுக்கக் கூடாது. கடைசியில் எண்ணெய் மட்டம் பார்த்தேன்.

பழைய சென்சாரைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. மேசையில் மீட்டரை மாட்டி ஹேர் டிரையரைக் காட்டினேன். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 50 டிகிரி ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். எண் அந்தக் கணக்குப்படியே மெதுவாக ஏறிக்கொண்டு வந்து, சட்டென்று ஓப்பன். டிரையரை எடுத்ததும் கொஞ்ச நேரத்தில் பழைய எண்ணுக்கே திரும்பியது. சுருளில் எங்கேயோ முடி அளவு வெட்டு. சூட்டில் விலகுகிறது, குளிரில் ஒட்டுகிறது. இதற்கா கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார்கள்!

பதிவாகியிருந்த கோட் எண்ணை ஸ்கேனரால் அழித்தேன். என் வண்டிக்குக் கியர் அடாப்டேஷனை, அதாவது கியர் மாற்றுவதில் கம்ப்யூட்டர் தானாகக் கற்றுவைத்திருக்கும் திருத்தங்களை, ரீசெட் செய்யும் மெனுவும் இதில் இருந்தது, செய்தேன். எல்லா வண்டிக்கும் அது வராது, தேவையும் இல்லை. இப்போது அதே கிராஃபில் பச்சைக் கோடு சூட்டிலும் விழாமல் ஓடுகிறது.

சரி, திரை. வெயிலில் ஒன்றும் தெரியாது. கோடுகளின் பெயர்கள் எறும்பு எழுத்தில் இருக்கின்றன, எனக்குக் கண்ணாடி போட்டும் போதவில்லை. கேபிள் குட்டை, பக்கத்து இருக்கைக்கு இழுத்துப்பிடித்துத்தான் வருகிறது. ஒவ்வொரு மெனுவும் திறக்க யோசிக்கிறது.

வாங்குமுன் இரண்டு விஷயம். ஓபிடி2 என்பது கார்களின் பொதுவான சோதனை இணைப்பு முறை. விற்பவரிடம் 'ஓபிடி2 எல்லாம் படிக்குமா' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். உங்கள் வண்டியின் மாடலும் வருஷமும் சொல்லி, டிசிஎம் (கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்) லைவ் டேட்டா வருமா என்று கேளுங்கள். அடுத்து, பல புதிய கியர்பாக்ஸ்களில் இந்தச் சென்சார்கள் வெளியே இல்லை, உள்ளே, எண்ணெயை வழிதிருப்பிக் கியரை மாற்றும் வால்வ் பாடியோடு இருக்கின்றன. அங்கேயும் கிராஃப் கோளாறைக் காட்டும். ஆனால் கழற்ற எண்ணெயை வடித்து அடித்தட்டை இறக்க வேண்டும், அதை நான் வீட்டில் செய்ய மாட்டேன்.