டர்பன்ல மாஸ்டர்ஸ் அட்மிஷனுக்கு கன்சல்டன்சி தேவையா? நெட்வொர்க் செக்யூரிட்டி ஆளுங்களுக்கு என் ரிவ்யூ

நான் போன கன்சல்டன்சிக்கு அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். அந்த ரெண்டும் கவுன்ட்டர்ல இருக்கிற அம்மாவுக்காக.

2021 ஜூலையில தென்னாப்பிரிக்காவோட துறைமுகங்களை நடத்துற அரசு கம்பெனி டிரான்ஸ்நெட் மேல சைபர் அட்டாக் நடந்து டர்பன் துறைமுகத்துல கன்டெய்னர் எல்லாம் அப்படியே நின்னுச்சே, அதுலேர்ந்து எங்க ஆபீஸ்ல ஃபயர்வால் ரூல்னா என்னன்னு மேனேஜரே வந்து கேக்க ஆரம்பிச்சுட்டாரு. ஊர்ல பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சுட்டு இங்க வந்து ராத்திரி ஷிஃப்ட்ல ரூட்டர் பாத்துக்கிட்டு இருக்கிற என்னை மாதிரி ஆளுங்களுக்கு ஒரு மாஸ்டர்ஸ் இருந்தா நல்லதுன்னு தோணுறது சகஜம்தான். சரின்னு சாட்ஸ்வர்த் பக்கம் இருக்கிற ஒரு அட்மிஷன் கன்சல்டன்சிக்குப் போனேன், பேரு வேணாம்.

உள்ள போனதும் "உங்க எக்ஸ்பீரியன்ஸுக்கும் சிசிஎன்பிக்கும் டைரக்டா மாஸ்டர்ஸ் சீட் கெடைச்சிடும் சார்"னு (சிசிஎன்பின்னா சிஸ்கோ கம்பெனி குடுக்கிற நெட்வொர்க் சர்டிஃபிகேட்) சொல்லி முன்பணம் வாங்கிட்டாங்க. இதுதான் எனக்குக் கடுப்பு. ஏன்னா இந்த நாட்டுல படிப்பை எல்லாம் என்க்யூஎஃப்னு ஒரு ஏணியில வெச்சிருக்காங்க, மாஸ்டர்ஸ் லெவல் 9, அதுல ஏறணும்னா லெவல் 8 கையில இருக்கணும், அதாவது டிகிரிக்கு மேல தனியா படிக்கிற ஹானர்ஸோ போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமாவோ நாலு வருஷ ப்ரொஃபஷனல் டிகிரியோ. நம்ம மூணு வருஷ பி.எஸ்சி, பி.சி.ஏ எல்லாம் பொதுவா லெவல் 7-லதான் வந்து நிக்கும். சர்டிஃபிகேட் கோர்ஸ் எத்தனை வெச்சிருந்தாலும் அது வேற கணக்கு. முன் அனுபவத்தைக் கணக்குல எடுக்கிற ஆர்பிஎல்னு ஒரு வழி இருக்கு, ஆனா அது யூனிவர்சிட்டி பாத்து முடிவு பண்றது, ஏஜென்ட் வாக்குக் குடுக்கிற விஷயமே இல்ல. எங்க டீம்ல இருக்கிற லோக்கல் பையனுக்கும் இதே பிரச்சினைதான், பழைய பி.டெக் வெச்சிருக்கான், டிப்ளமா மூணு வருஷம், அது மேல ஒரு வருஷம்னு நாலு வருஷம் படிச்சும் அதை லெவல் 7-லதான் வெச்சிருக்காங்க, பாவம்.

அடுத்து சாக்வா, அதான் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையம், அந்த விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டு டிகிரியை இங்க மதிப்பிட்டு லெவல் சொல்றது அவங்கதான், பிரிட்டோரியாவுல ஆபீஸ். அப்ளிகேஷன் ஆன்லைன்லயே போடலாம், அதுக்குப் போயி ஏஜென்ட் தனியா ஒரு ஃபீஸ் கேக்குறாங்க. ஆனா அந்தக் கவுன்ட்டர் அம்மா, இங்கயே பொறந்து வளந்தவங்க, தமிழ் அவ்வளவா வராது, என்னைத் தம்பின்னு மட்டும் தமிழ்ல கூப்புடுவாங்க, அவங்க என் மார்க்‌ஷீட்டை ஒவ்வொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து, மூணாவது செமஸ்டர் ஸ்கேன்ல சீல் பாதி வெட்டுப்பட்டு இருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. அது அப்படியே போயிருந்தா கண்டிப்பா திரும்பி வந்திருக்கும். பேப்பர் வேலையில குறை சொல்ல முடியாது.

ப்ரொபோசல்லதான் சொதப்பல். மாஸ்டர்ஸ் இங்க ரெண்டு வகை, ஒண்ணு கோர்ஸ்வொர்க்கோட ஒரு சின்ன ஆராய்ச்சி, இன்னொண்ணு முழுக்க தீசிஸ். தீசிஸ்னா கைடு ஒருத்தர் ஒத்துக்கிட்டாதான் சீட்டே. இவங்க குடுத்த டெம்ப்ளேட்ல "ஆப்பிரிக்காவில் கிளவுட் பாதுகாப்பு"ன்னு ஊருக்கெல்லாம் ஒரே தலைப்பு! நான் அதைத் தூக்கிப் போட்டுட்டு இன்டர்நெட் கம்பெனிங்க தங்களுக்குள்ள டிராஃபிக் மாத்திக்கிற டர்பன் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச், அதான் டிங்ஸ், அதுல ரூட் ஹைஜாக்கை, அதாவது அடுத்தவன் ஐபி முகவரியைத் தன்னோடதுன்னு சொல்லி டிராஃபிக்கைத் திருப்புறதை, ஆர்பிகேஐங்கிற டிஜிட்டல் கையெழுத்து முறையை வெச்சு எப்படித் தடுக்கலாம்னு ஒரு பக்கத்துக்கு எழுதி நானே ஒரு பேராசிரியருக்கு மெயில் போட்டேன். பதில் வந்துச்சு, நல்ல தலைப்பு, முதல்ல ஹானர்ஸ் முடிச்சுட்டு வாங்கன்னு. காசு வாங்காம ஒரே மெயில்ல உண்மையைச் சொல்லிட்டாரு மனுஷன்.

ஹானர்ஸ் 120 கிரெடிட், மாஸ்டர்ஸ் குறைஞ்சது 180. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம்னு கணக்கு, அப்போ மாஸ்டர்ஸ் மட்டும் 1800 மணி நேரம். வாரத்துக்கு 15 மணி நேரம் ஒதுக்கினாலும் 120 வாரம் ஆவும், ரெண்டு வருஷத்துக்கு மேல. ஷிஃப்ட் வேலை, வீட்டுல சின்னக் குழந்தைன்னு இருக்கிறவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்துட்டு எறங்குங்க. வேலையை விட முடியாதவங்க யூனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) மாதிரி தொலைதூரப் படிப்புல ஹானர்ஸ் பாக்கலாம், கிளாஸுக்குப் போக முடியும்னா டர்பன் பக்கத்துல வெஸ்ட்வில் கேம்பஸ்லயே யூகேஇசட்என், அதான் குவாசுலு-நேட்டால் யூனிவர்சிட்டியோட கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கு.

அப்புறம் ஹானர்ஸுக்கே அப்ளை பண்ணித் தர்றோம், கட்டின பணத்தை அதுல கழிச்சுக்கறோம்னு கன்சல்டன்சில சொன்னாங்க. வேணாம், பாதியாவது திருப்பிக் குடுங்கன்னு வாட்ஸ்அப்ல கேட்டிருக்கேன். ப்ளூ டிக் வந்துடுச்சு, பதில்தான் வரல.