டோட்டோ: ஒரு புள்ளி எழுத்துருவுடன் நெடுநாள் பழக்கம்

ஓராண்டுக்கும் மேலாகத் தலைப்புகளுக்கும் கடிகார முகப்புகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் டோட்டோ எழுத்துருவைப் பயன்படுத்தி வருகிறேன். கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்துடன் இலவசமாகக் கிடைக்கும் இதில், ஒவ்வோர் எழுத்தும் 6×10 கட்டங்களுக்குள் புள்ளிகளால் அமைந்திருக்கிறது. பழைய எல்.இ.டி. பலகைகளில் ஓர் எழுத்துக்கு 5×7, அதாவது 35 புள்ளிகளே பெரும்பாலும் கிடைத்தன. அன்று வன்பொருளின் நெருக்கடியில் பிறந்த உருவத்தை இன்று நாமாகவே விரும்பித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதால், பழமையின் கவர்ச்சி மட்டுமே அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

இந்த எழுத்துருவின் உயிர் புள்ளிகளில் மட்டுமல்ல, அவற்றுக்கு நடுவே விடப்பட்ட வெளியிலும் இருக்கிறது. மற்ற எழுத்துருக்களில் தடிமனைக் கூட்டினால் கோடு தடிக்கும். தடிமன் போன்றவற்றை ஒரே கோப்புக்குள் விரும்பியபடி மாற்றக்கூடிய வேரியபிள் ஃபான்ட்டான இதில் புள்ளி பெருத்து இடைவெளி சுருங்கும், எழுத்தின் அகலமோ மாறாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஒளிர்ந்து பரவுவதால் சிறிய புள்ளியே போதும்; வெள்ளைத் திரையில் பின்னணி புள்ளியை விழுங்கிவிடுவதால் இரண்டு படி கூட்ட வேண்டியிருக்கிறது. தாளில் மை கசிந்து இடைவெளியை அடைக்கும் என்பதால், அச்சுக்கு அனுப்பும் கோப்பில் ஒரு படி குறைத்தே வைக்கிறேன். புள்ளியைச் சதுரத்திலிருந்து வட்டமாக்கும் வசதியும் உண்டு. பெரிய அளவில் வட்டம் அழகு. அளவு குறையக் குறையச் சதுரமே தெளிவு.

எண்களில்தான் இது முழுமையாக மிளிர்கிறது. எல்லா எழுத்துகளும் ஒரே அகலம் என்பதால், கடிகாரத்தில் 1 போய் 8 வந்தாலும் பக்கத்து இலக்கம் இடம் பெயர்வதில்லை. பத்திகளுக்கு ஏற்றதன்று, இரண்டு வரிக்கு மேல் போனால் கண் புள்ளிகளை எண்ணத் தொடங்கிவிடுகிறது. திரையில் புள்ளிகளுக்கு இடையிலான தூரம் முழுப் பிக்சல்களில் அமையும் அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையெனில் சில வரிசைகள் கூர்மையாகவும் சில மங்கலாகவும் தெரியும்.

தகட்டில் லேசரால் வெட்டும் பெயர்ப்பலகைகளுக்கு இது தனிச் சிறப்புடையது. வழக்கமான எழுத்துருவில் O-வை வெட்டினால் நடுப்பகுதி கழன்று விழும். அதைத் தாங்க, வெட்டாத மெல்லிய பட்டை ஒன்றைப் பாலமாக விட வேண்டும். புள்ளிகள் ஒன்றையொன்று தொடாதவரை எழுத்து தனித்தனித் துளைகளாகவே இருப்பதால், இங்கே அந்தக் கவலையே இல்லை. வினைல் ஒட்டுப்படத்தில் நிலைமை நேர்மாறானது: ஒவ்வொரு புள்ளியையும் தனித் துண்டாகக் கையாள வேண்டும் என்பதால், அந்த வேலைக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

டோட்டோவில் தமிழ் எழுத்துகள் இல்லை. இதே கட்டத்தில் நாமாக வரைந்து பார்த்தாலும் மூன்று சுழி ண ஆறு நெடுவரிசைக்குள் அடங்குவதில்லை. இரண்டு சுழி ன-வோடு குழம்பிவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி அதைவிட நுட்பமான சிக்கல். எழுத்தே புள்ளிகளாக இருக்கும்போது, க் என்பதன் தலைப்புள்ளி மற்றவற்றோடு கலந்துவிடும். அதைப் பிரித்துக் காட்ட, எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு வரிசையையாவது முழுவதும் காலியாக விட வேண்டும். எனவே தமிழுக்கான புள்ளி எழுத்துருவை வரைய முனைபவர்கள் 16 வரிசைக்குக் குறையாத கட்டத்தில் தொடங்குவதும், ஒரே அகலம் என்ற விதியை எண்களோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது.