விஎம் பேக்கப்ல இருந்து டேட்டாபேஸ் ரெஸ்டோர்: நாலு வருஷ அனுபவம்

எங்க ஆபீஸ் பில்லிங் எஸ்க்யூஎல் சர்வர்ங்குற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல ஓடுது, அது இருக்குற சர்வர் ஒரு விஎம், அதாவது பெரிய மெஷினுக்குள்ள சாஃப்ட்வேரா ஓடுற வர்ச்சுவல் மெஷின். நாலு வருஷமா ராத்திரி 1 மணிக்கு முழு விஎம்மும் பேக்கப் ஆகுது. எந்த பேக்கப் சாஃப்ட்வேர்னு பேர் சொல்லல, பட்ட அடியில பாதி என் தப்பு தான்.

முழு விஎம்ம திருப்பி எடுக்குறதுல குறையே கிடையாது. ஒரு தடவ டிரைவர் அப்டேட் போட்டு சர்வர் பூட்டே ஆகல, பேக்கப் ஸ்டோரேஜ்ல இருந்தே நேரா ஆன் பண்ணோம், ஆமை வேகம் தான், ஆனா பில் போட முடிஞ்சுது.

டேட்டாபேஸ் மட்டும் வேணும்னா தான் தலைவலி. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் 4:40க்கு எங்க பையன் ஒருத்தன் எந்தப் பொருளுக்குன்னு கண்டிஷனே குடுக்காம ரேட்ட மாத்துற அப்டேட் குவரிய (டேட்டாபேஸுக்கு குடுக்குற கமாண்ட்) தட்டிட்டான், ஆணிக்கும் 85 ரூபா மோட்டாருக்கும் 85 ரூபா. முழு விஎம்ம ரெஸ்டோர் பண்ணா அன்னிக்கு போட்ட பில்லு பூரா காலி, அதனால பேக்கப்ல இருக்குற டிஸ்க்க மட்டும் மவுண்ட் பண்ணி எம்டிஎஃப் (டேட்டா ஃபைல்) எல்டிஎஃப் (ஒவ்வொரு மாத்தத்தையும் பதியுற லாக் ஃபைல்) ரெண்டையும் காப்பி எடுத்து வேற பேர்ல எஸ்க்யூஎல்ல அட்டாச் பண்ணேன். மொதல்ல ஆக்சஸ் டினைடு, எரர் 5. எஸ்க்யூஎல் சர்வீஸ் அக்கவுண்ட்டுக்கு அந்த ஃபைல் மேல பெர்மிஷன் இல்ல, குடுத்ததும் ஏறிடுச்சு. ரேட்ட மட்டும் லைவுக்கு தள்ளிட்டேன். ஆனா அன்னிக்கு காலைல மாத்துன ரேட்டெல்லாம் போச்சு, அக்கவுண்ட்ஸ் அக்கா நோட்ட பாத்து திட்டிக்கிட்டே கையால ஏத்துனாங்க.

லாக் பேக்கப் (அந்த லாக்க மட்டும் அப்பப்ப எடுக்குற காப்பி) வரிசையா இருந்தா, டேட்டாபேஸ நோரெக்கவரில, அதாவது இன்னும் லாக் ஏத்துற நிலைல வெச்சு, ஒண்ணொண்ணா ஏத்தி 4:39ல ஸ்டாப்அட் (இந்த நேரத்தோட நில்லுன்னு சொல்ற ஆப்ஷன்) குடுத்து நிறுத்தியிருக்கலாம். இருந்துச்சு, ஆனா பாதி பாதி. விஎம் சாஃப்ட்வேரும் லாக் எடுக்குது, எஸ்க்யூஎல்ல எவனோ எப்பவோ போட்ட மெயின்டனன்ஸ் பிளானும் (டைம் வெச்சு தானா ஓடுற வேலை) எடுக்குது, பிளான் எடுத்தத 2 நாள்ல அதுவே அழிச்சிருது. ஒருத்தர் எடுத்த லாக் இன்னொருத்தர்கிட்ட இருக்காது, செயின் அறுந்துடும். இப்ப லாக் எடுக்குறது ஒரே ஆள் தான், 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ. நடுவுல யாருக்காவது காப்பி வேணும்னா காப்பி ஒன்லி, அதாவது செயின தொடாத தனி பேக்கப்.

இதுக்கு முந்தின வருஷம் இன்னொரு கூத்து. சர்வர் அட்மின் பாஸ்வேர்ட மாத்துனோம், பேக்கப் ஜாப்ல மாத்தல. ஜாப் ஃபெயில் ஆகல பாருங்க, மஞ்சக் கலர்ல ஒரு வார்னிங் அவ்ளோ தான். உள்ள லாகின் பண்ண முடியாததால விஎஸ்எஸ் (ஸ்னாப்ஷாட் எடுக்குறப்ப எழுதுறத கொஞ்சம் நிறுத்தி வைக்கிற விண்டோஸ் வசதி) வழியா டேட்டாபேஸ நிறுத்தி எடுக்கல, கரண்ட் போன மெஷின் மாதிரி ஒரு ஸ்னாப்ஷாட். அதுவும் பெரும்பாலும் எழுந்துக்கும், ஆனா அது மேல லாக்க ஏத்தி முன்னாடி நகர முடியாது. லாக்கும் ட்ரங்கேட் ஆகாம (பேக்கப் ஆன பழைய பகுதி காலி ஆகாம) எல்டிஎஃப் வீங்கி ட்ரைவ் நெரம்பி, லாக் ஃபுல்னு 9002 எரர் வந்தப்ப தான் ரெண்டு மாசமா மஞ்சளா இருக்குன்னே தெரிஞ்சுது. இப்பல்லாம் ஜாப் பச்சையா இருந்தாலும் நம்புறதில்ல, எஸ்க்யூஎல் எரர் லாக்ல 1 மணி வாக்குல ஐ/ஓ ஃப்ரோசன்னு (எழுதுறத நிறுத்தி எடுத்ததுக்கு அடையாளம்) வரி இருக்கான்னு பாத்துட்டு தான் டீ.

மாசம் ஒரு தடவ டெஸ்ட் சர்வர்ல அட்டாச் பண்ணி செக்டிபி (டேட்டாபேஸ் கெட்டுப்போயிருக்கான்னு பாக்குற கமாண்ட்) ஓட்டுறேன். மொதல்ல அங்க எஸ்க்யூஎல் சர்வர் 2017 இருந்துச்சு, லைவ் 2019, புதுசுல இருக்குறது பழசுல ஏறவே ஏறாது. டெவலப்பர் எடிஷன் டெஸ்டுக்கு இலவசம் தான, அங்கயும் 2019 போட்டாச்சு.